லிஃப்ட் அக்காவின் முதல் ஆல்பம்

மெத்தைக் கம்பெனியில் அவளுக்கு வாயாடி என்று பேர். வைத்தது யார் என்று இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை, ஆனால் வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். பஞ்சடிக்கிற மெஷினும் உறை தைக்கிற மெஷின்களும் சேர்ந்து ஓடுகிற அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது. மற்றப் பெண்கள் கையை ஆட்டி, கண்ணைக் காட்டி, வேண்டியதைச் சொல்லிக்கொள்வார்கள். வாயாடிக்கு அது ஒத்துவராது. மெஷின் போடுகிற தாளத்தில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே வார்த்தையைச் செருகிவிடுவாள். சூப்பர்வைசர் திட்ட வந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய தொப்பையையும் சட்டைப்பையில் இருக்கிற சீப்பையும் சேர்த்து எதுகை மோனையோடு நாலு வரி வந்து விழும். கூடமே சிரிக்கும். அதற்கப்புறம் மனுஷன் யாரைத் திட்டுவது? வந்த வேலையை மறந்துவிட்டுப் போவார்.

அவள் அத்தனை வேகமாகப் பேசியது திறமையைக் காட்ட என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திறமையாவது மண்ணாவது. இருமல் வருவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கல்யாணமாகி வந்த வருஷத்தில் அந்தக் கூடத்தில் கால் வைத்தவள். பறக்கிற பஞ்சுத்தூசியில் பாதியை இவள் நெஞ்சுதான் வாங்கி வைத்திருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வேற வேலை பாருங்கம்மா என்றார். கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், போய் நல்லதாக ஒன்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பது போலச் சொன்னார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு மறுநாளும் அதே மெஷினில்தான் போய் நின்றாள்.

வீட்டில் மகளும் அவளும்தான். புருஷன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். மகள் ஒன்பதாவது படித்தாள். கெட்டிக்காரி, அம்மாமேல் உயிர். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மட்டும், நீ வர வேணாம்மா, உனக்கு முடியாதில்ல, என்றுவிடுவாள். ஒரு தடவை போனபோது டீச்சர் பேசப் பேச இவள் இருமி, கூட்டமே திரும்பிப் பார்த்து, கடைசியில் யாரோ எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த கோலம் வாயாடியின் மனசை விட்டுப் போகவே இல்லை. தன்னை அந்தப் பெண் இருமுகிறவளாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தீராத ஆற்றாமை. ஒரே ஒரு தடவையாவது, எங்கள் அம்மா யார் தெரியுமா என்று அவள் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். வாயாடி ஆசைப்பட்டது இவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாராவது சொன்னால் அவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்க முடியாது.

அவள் வாழ்க்கையில் ஸ்டூடியோ வந்தது இப்படித்தான். சவுண்டுக்காரர் ஒருவர், தன் ரெக்கார்டிங் அறைச் சுவரில் ஒட்டுவதற்குக் கழிவு ஸ்பாஞ்சு வாங்கக் கம்பெனி வாசலுக்கு வந்தார். உள்ளே வாயாடி யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பாஞ்சை அப்படியே போட்டுவிட்டு அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அத்தனை மெஷின் இரைச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். அவர் தொழில் அறிவிப்புகள் பதிவு செய்வது. சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, முக்கியமாக லிஃப்ட். கதவுகள் மூடுகின்றன, மூன்றாம் தளம், அதிக எடை, தயவுசெய்து ஒருவர் வெளியேறவும். இந்தக் குரல்கள் எல்லாம் எங்கேயோ மெஷினிலிருந்து வருவதாகத்தானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாரோ ஒருத்தி ஒரு அறையில் உட்கார்ந்து முப்பது மாடியையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

வாயாடி சொன்னாள். எத்தனையோ கட்டடங்களுக்கு அடித்தளம் முதல் மொட்டை மாடி வரை சொன்னாள். அதற்குக் கூலி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் பாட்டைப் பதிவு செய்து கொடுங்கள் என்று பேசிக்கொண்டாள். ராப் என்ற வார்த்தையே அவளுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை அவளைப் பொறுத்தமட்டில் அது வாய்க்கொழுப்பு.

ஒரு பாட்டையும் அவளால் மூச்சு விடாமல் பாட முடியாது. ஒரு வரி சொல்வாள், இருமுவாள், தண்ணீர் குடிப்பாள், இன்ஹேலரை இழுப்பாள், அடுத்த வரி. நெஞ்சு கனக்கிற நாளில் அரை வரி. சவுண்டுக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு துண்டையும் எடுத்து ஒட்டு தெரியாமல் ஒட்டினார். இப்படியே வாரம் வாரமாய், மழைக்காலம் வெயில்காலம் எல்லாம் போய், ஒன்பது பாட்டு சேர்ந்தது. ஆல்பத்துக்குத் ‘தூசி’ என்று பேர் வைத்தாள். முதல் பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

தச்சு வச்ச மெத்தையில நீ தூங்கற, நான் தூங்கல,
தும்மி வச்ச பஞ்செல்லாம் என் நெஞ்ச விட்டு நீங்கல,
வாங்க வந்த மகராசன் அமுக்கி அமுக்கிப் பாக்குறான்,
அமுங்கிக் கெடக்கும் நெஞ்சு யாரோடதுன்னா கேக்குறான்?

எல்லாம் முடிந்து கடைசியாகச் சுத்தம் செய்கிற நேரத்தில் சவுண்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். லிஃப்ட் அறிவிப்பில் மூச்சுச் சத்தம் வரவே கூடாது, அதனால் அங்கே அவர் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். பாட்டில் என்ன செய்வது?

“ஒண்ணு ரெண்டு மூச்சை விட்டு வைக்கலாம்மா. கேக்கறவனுக்கு ஒரு ஆள் பாடுறாங்கன்னு தெரியும்.”

“என் மூச்சை நான் வீட்ல கேக்கறது போதாதாண்ணா? என் பொண்ணு கேக்கறது போதாதா? ஒண்ணு விடாம வெட்டுங்க.”

வெட்டினார். மனுஷன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாக உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்பையும் ஒவ்வொரு கரகரப்பையும் தேடித் தேடி எடுத்தார். எடுத்த பிறகு, எப்போதும் செய்கிறபடி, வெட்டாத பழைய பதிவுகளை அழித்தும்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் இடம் கிடையாது, வேலை முடிந்தால் அழித்துவிடுவதுதான் அவர் வழக்கம். முடிந்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது வாயாடி காதில் ஹெட்ஃபோனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நோய் வராமல் இருந்திருந்தால் தன் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்பதை முதல்முறையாகக் காதால் கேட்டாள். அந்த அழுகையைச் சந்தோஷம் என்று சொல்வதா வேறு என்ன சொல்வது என்று சவுண்டுக்காரருக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய் டீ வாங்கி வந்தார்.

ஆல்பம் வெளியானது. வெளியானது என்றால் மேளதாளமா? சவுண்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். கம்பெனிப் பெண்கள் கேட்டார்கள், அவர்கள் அக்கம்பக்கத்துக்கு அனுப்பினார்கள், அதோடு நின்றது. பிறகு ஒரு நாள், இணையத்தில் பாட்டு விமர்சனம் செய்கிற தொப்பிக்காரர் ஒருவர் கண்ணில் அது எப்படியோ பட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் இந்தப் பெண், இவ்வளவு நாள் எங்கே இருந்தாள், மூச்சே விடாமல் பாடுகிறாளே, என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார். அன்று சாயங்காலத்திலிருந்து வாயாடியின் போன் ஓயவே இல்லை.

அந்த ஒரு வாரத்தை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம். மகள் கால் தரையில் பாவவில்லை. வகுப்புத் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வந்தாள், இதான் எங்கம்மா என்று காட்டினாள். வாயாடி இருமலை அடக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். ஒருத்தி, ஆன்ட்டி, இங்கயே ஒரு வரி பாடுங்களேன் என்று கேட்டதற்கு, தொண்டை சரியில்லடா கண்ணு, இன்னொரு நாள் என்று சமாளித்தாள். மகள் அன்றைக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு, “இது உன்னை மாதிரியே இல்லம்மா” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். வாயாடியும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

யார் கண் பட்டதோ, எட்டாம் நாளே ஆரம்பித்தது. எந்த அடுக்குமாடியிலோ குடியிருக்கிற ஒருவன், தினமும் லிஃப்டில் ஏறி இறங்குகிறவன், இது எங்கள் லிஃப்டில் வருகிற மெஷின் குரல் என்று எழுதினான். எழுதியதோடு விட்டானா? லிஃப்டுக்குள் போனைப் பிடித்துப் பதிவு செய்து, அதையும் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் போட்டான். கேட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அதே குரல். அதே சுத்தம். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனுஷி என்றால் மூச்சு விட மாட்டாளா? தொப்பிக்காரருக்கு மூக்கறுபட்ட கோபம். இரண்டாவது வீடியோ போட்டார். தன்னையும் ரசிகர்களையும் ஏமாற்றிவிட்டார்கள், ஏதோ ஒரு ஏழைப் பெண் படத்தைப் போட்டு, கம்ப்யூட்டர் குரலை விற்கிறார்கள் என்றார். முதல் வீடியோவைப் பார்த்ததை விட இதைப் பார்த்தவர்கள் அதிகம். நல்லதைச் சொன்னால் எவன் பார்க்கிறான்?

அன்றிலிருந்து அவள் பேர் லிஃப்ட் அக்கா. பாட்டின் நடுநடுவே ‘கதவுகள் மூடுகின்றன’ என்று வெட்டி ஒட்டி, ஆடிக் காட்டினார்கள். ‘அதிக எடை, ஒருவர் வெளியேறவும்’ என்பதற்குச் சின்னப் பிள்ளைகள்கூட ஆடினார்கள். உலகத்தில் எத்தனையோ திருட்டுப்பயல்கள் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள், இந்த ஜனத்துக்குக் கிடைத்தது பஞ்சு தின்று பிழைக்கிற ஒருத்திதான்.

வாயாடி சும்மா இருப்பாளா? போனை அலமாரியில் சாய்த்து வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பேசினாள். பாட்டும் நான்தான், லிஃப்டும் நான்தான், இரண்டும் என் வாய்தான் என்றாள். சொல்வதற்குள் நடுவில் எத்தனையோ தடவை இருமல். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டவர்கள் இன்னும் உறுதியாகிவிட்டார்கள். இந்தக் குரலுக்கும் அந்தக் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். அப்போ ஏடிஎம்ல பேசறதும் நீங்கதானாக்கா என்று ஒருவன் கேட்டதற்கு அத்தனை பேர் சிரித்திருந்தார்கள். சவுண்டுக்காரர் சாட்சிக்கு வந்தார். பழைய பதிவைக் காட்டு என்றார்கள். எங்கே போய்க் காட்டுவது? அழித்துவிட்டேன் என்று அவர் சொன்னதும் அவரையும் சேர்த்துக் கும்மினார்கள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். என்னடி என்றால் தலைவலி என்பாள். வாயாடிக்குத் தெரியாதா? ஊரே சிரிக்கட்டும், அது அவளுக்குப் பழகிப்போன விஷயம். இந்தப் பெண்ணின் முகம் மறுபடி குனிந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஒரு இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். நேரில் வந்து மேடையில் பாடிக் காட்டுங்கள், ஊர் வாய் தானாக அடங்கிவிடும் என்றார்கள். அவர்களுக்கு டிக்கெட் விற்க வேண்டும், அது வேறு கதை. சவுண்டுக்காரர் வேண்டாம் என்றார். வாயாடி கேட்கவில்லை. முதல் பாட்டின் ஆரம்பத்தை மட்டும் பாடுவது, இரண்டு வரிக்கு ஒரு தடவை இசை மட்டும் ஓடவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வது என்று திட்டம். கம்பெனி பாத்ரூமில் நின்று பழகினாள். பத்துத் தடவை பாடினால் ஆறு தடவை சரியாக வந்தது. மகளிடம், நீயும் வா, முன் வரிசையில் உட்காரு என்றாள். மகள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது.

சவுண்டுக்காரர்தான் மேடைக்குப் பக்கத்தில் இசையை ஓட்டினார். வாயாடி இன்ஹேலரை இழுத்துவிட்டு ஏறினாள். கூட்டத்தில் பாதி அவளைக் கிண்டல் செய்யவே வந்திருந்தது. கதவு திறக்கட்டும் என்று கத்தினார்கள். அவள் ஆரம்பித்தாள். தச்சு வச்ச மெத்தையில. வந்தது. இரண்டாவது வரியும் வந்தது. கிண்டல் செய்தவர்கள் கப்சிப். முன் வரிசையில் மகள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள்.

அப்போதுதான் நிகழ்ச்சிக்காரர்கள், பாவம், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்து, மேடையின் இரண்டு பக்கமும் புகையைத் திறந்துவிட்டார்கள். ராப் என்றால் புகை இல்லாமலா? வெள்ளைப் புகை அவள் முகத்தில் வந்து மோதியது. மூன்றாவது வரியின் பாதியில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள், இருமிக்கொண்டே இருந்தாள், நிமிரவே முடியவில்லை.

சவுண்டுக்காரர் பதறிவிட்டார். அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான், இவளைக் காப்பாற்ற வேண்டும். இசையோடு கூடவே ஆல்பத்தில் பதிவான அவள் குரலும் அவர் கையடியில் இருந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். அதை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் மூச்சு நிற்கிறவருக்கு ஆக்ஸிஜன் வைப்பது போலத்தான் வைத்தார், வேறு எந்த எண்ணமும் இல்லை. வாயாடி மேடையில் முட்டி போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருக்க, அவள் குரல் ஒரு சின்னத் தடங்கலும் இல்லாமல் கணீரென்று நாலாவது வரியைச் சொல்லி, ஐந்தாவதைச் சொல்லி, போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் ஒரு நொடி புரியாமல் நின்றது. அப்புறம் சிரித்தது பாருங்கள், அதைக் கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சவுண்டுக்காரருக்குத் தான் செய்தது என்ன என்று உறைத்தபோது எல்லாவற்றையும் அணைத்தார். அணைத்ததும் இருமல் மட்டும் மைக்கில் கேட்டது.

அதற்கப்புறம் விளக்கம் சொல்ல எதுவுமே இல்லாமல் போனது. சவுண்டுக்காரர் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, என்னை செருப்பால அடிம்மா என்று அழுதார். வாயாடி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவரைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. வெட்டச் சொன்னவள் அவள்தானே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி அங்கே போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கம்பெனியில் மெஷின் பக்கத்தில் நின்றாலும் வாயே திறக்கவில்லை. சூப்பர்வைசர்கூட ஒரு நாள் வந்து, என்னம்மா, என்னை நாலு வார்த்தை திட்டேன் என்று கேட்டுப் பார்த்தார். இவள் சிரித்து வைத்தாள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரி லிஃப்டில் போனாள். கூட ஏறிய பையன்கள் இரண்டு பேர், லிஃப்டின் கூரையைப் பார்த்து, லிஃப்ட் அக்கா, ஒரு பாட்டு பாடுங்க என்று கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மேலே இருந்து அவள் குரல், நான்காம் தளம் என்றது. அவள் மூலையில் ஒண்டிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி, இருமலை விழுங்கி விழுங்கி நின்றாள். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு டாக்டர், நெஞ்சு போன தடவையை விட மோசமாக இருக்கிறது என்றார். அவள் சரி டாக்டர் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி வந்தாள்.

மகள் மட்டும் அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குத் தட்டு எடுத்து வைத்தாள், துணி துவைத்துக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள், முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, கேட்டா கோபப்படக் கூடாது. உண்மையைச் சொல்லு. அது நீதானா?”

நான்தான்டி என்றாள் வாயாடி. மகள் அடுத்த துணியை எடுத்தாள். அந்தத் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாயாடி எழுந்து நின்றாள். இசை வேண்டாம், மைக் வேண்டாம், மகள் ஒருத்தி கேட்டால் போதும். முதல் பாட்டை முதல் வரியிலிருந்து பிடித்தாள். சொன்னாள், இருமினாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், அடுத்த வரியைச் சொன்னாள். விசில் மாதிரி நெஞ்சு கத்தியது. கண்ணில் தண்ணீர் ஓடியது. இடையில் நிறுத்தும்மா என்று மகள் எழுந்து வந்தாள், வாயாடி கையைக் காட்டி அவளை உட்காரவைத்தாள். நாலு நிமிஷப் பாட்டு, சொல்லி முடிக்கிறபோது ஜன்னலில் வெயில் போயிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை, கடைசி வரி வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். ஸ்டூடியோவிலும் சரி, மேடையிலும் சரி, நடக்காதது, ஒரு பாட்டை அவள் முழுசாகப் பாடியது அன்றைக்குத்தான். முடித்துவிட்டு, பார்த்தாயா என்பது போல மகளைப் பார்த்தாள்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்து, அம்மாவை உட்காரவைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“போதும்மா, விடு. இவ்ளோ கஷ்டப்படாதே. எனக்காகத்தானே மெஷின் குரலை வச்சு அப்படிப் பண்ணினே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

இல்லடி என்று சொல்ல வாயாடி வாயைத் திறந்தாள். மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்து, கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஆசையாக வந்து கட்டிக்கொண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. வாயாடி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சரி என்றாள்.